பத்துப் பைசா ரம்மி: ஜமுக்காளத்தில் உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. ரிசப்ஷன் முடிந்து, கடைசிப் பந்தி எழுந்து, வீடியோக்காரர் லைட்டை அணைத்த பிறகு மண்டபத்து மாடியில் ஏதாவது ஓர் அறையில் ஜமுக்காளம் விரியும். நடுவில் ரெண்டு சீட்டுக்கட்டு, ஓரமாக ஒரு நாற்பது பக்க நோட்டு. வாசலில் தயங்கி நிற்பவனைப் பார்த்து யாராவது ஒரு சித்தப்பா கேட்பார்: "ஒரு கை குறையுதுடா, வர்றியா? பாயிண்டுக்குப் பத்துப் பைசாதான்."

அந்த நேரத்தில் "எனக்கு ஆடத் தெரியாதே" என்று திரும்பிப் போகாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. பதிமூணு சீட்டு ரம்மியை அடியிலிருந்து சொல்கிறேன். ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் நேராக "கையைப் பார்த்து முடிவெடுப்பது" பகுதிக்குப் போகலாம். என் அனுபவத்தில் பெரும்பாலான காசு போவது அங்கேதான்.

காசு எதற்கு?

காசில்லாமல் ரம்மி ஆடிப் பாருங்கள். வந்த கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் எல்லாரும் கடைசிவரை ஆடுவார்கள். யாரும் ஸ்கூட் விட மாட்டார்கள், அதாவது கையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க மாட்டார்கள். பெரிய சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதிசயத்துக்குக் காத்திருப்பார்கள். தோற்றால் அதிகபட்சம் எண்பது பாயிண்ட் தலையில் விழும், அதனால் என்ன? இப்படி நாலு ஆட்டம் போனால் ஆறு வயசுப் பையன்கூட எழுந்து போய்விடுவான்.

ரம்மியின் உயிரே "இந்தக் கையை ஆடலாமா, விடலாமா" என்ற கேள்விதான். எண்பது பாயிண்ட் கொஞ்சம் உறைத்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வரும். பாயிண்டுக்குப் பத்துப் பைசா என்றால் ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குப் போகக்கூடிய அதிகபட்சம் எட்டு ரூபாய். உறைக்கும், ஆனால் காலையில் மொய் எழுதும்போது கை நடுங்காது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. ஆகவே இந்தப் பத்துப் பைசாவுக்கு இன்று நோட்டில் மட்டும்தான் உயிர்.

கட்டும் சீட்டும்

ரெண்டிலிருந்து ஆறு பேர் ஆட ரெண்டு கட்டு போதும். ஒரு கட்டுக்கு ஐம்பத்திரண்டு சீட்டும் படம் போட்ட ஜோக்கர் ஒன்றும் வைத்தால் மொத்தம் 106. ஆட உட்காரும் முன் ஒருதரம் எண்ணிவிடுங்கள். பழைய கட்டில் எப்போதும் ஒரு சீட்டாவது காணாமல் போயிருக்கும், அது பாதி ஆட்டத்தில்தான் தெரியவரும். சீட்டு ஒன்றோடொன்று ஒட்டினால் துளி முகப்பவுடர் போட்டுக் கலைத்தால் சரியாகிவிடும்.

பெயர்கள்: சீட்டில் நாலு சாதி, அதாவது நாலு வகை. கறுப்பில் இஸ்பேட், கிளாவர். சிவப்பில் ஆட்டின், டைமண்ட். படங்களில் ராஜா, ராணி, ஜாக்கி. ஏஸ் ரெண்டு பக்கமும் போகும்: ஏஸ், 2, 3 சேரும், ராணி, ராஜா, ஏஸ் சேரும். ராஜா, ஏஸ், 2 என்று வளைந்து போகாது.

கலைத்தவர் ஆளுக்குப் பதிமூணு சீட்டு போடுவார். போட்டு முடித்ததும் மிச்சக் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவித் திருப்பிக் கட்டுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி செருக வேண்டும். அதுதான் வெட்டு ஜோக்கர். ஜோக்கர் என்றால் இல்லாத எந்தச் சீட்டின் இடத்திலும் வைத்துக்கொள்ளக்கூடிய சீட்டு. கிளாவர் 4 வந்தால் அந்த ஆட்டத்தில் நாலு சாதியிலும் உள்ள 4 எல்லாமே ஜோக்கர். படம் போட்ட ஜோக்கரே வெட்டில் வந்துவிட்டால் பல இடங்களில் ஏஸை ஜோக்கராக வைத்துக்கொள்வார்கள். இன்னொரு சீட்டைத் திருப்பிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஓப்பன் கார்டு. ஆட்டம் ஆரம்பம்.

ஒவ்வொரு முறையும் வேலை ரெண்டுதான். ஒரு சீட்டு எடு, ஒரு சீட்டு இறக்கு. எடுப்பது கவிழ்த்த கட்டிலிருந்தா, முந்தினவர் இறக்கிய ஓப்பன் கார்டா என்பது உங்கள் இஷ்டம். இறக்கும் சீட்டு திறந்தே விழும்.

எது சேர்ந்தால் ரம்மி

பதிமூணு சீட்டையும் குழுக்களாகச் சேர்க்க வேண்டும். ஒரு குழுவுக்குக் குறைந்தது மூணு சீட்டு. குழு ரெண்டு வகை. ஒரே சாதியில் வரிசையாக வந்தால் சீக்வென்ஸ் (டைமண்ட் 9, 10, ஜாக்கி). ஒரே எண் வேறு வேறு சாதியில் வந்தால் செட் (இஸ்பேட் 8, கிளாவர் 8, ஆட்டின் 8). இதில் விடமுடியாத நிபந்தனை ஒன்று உண்டு: குறைந்தது ரெண்டு சீக்வென்ஸ் வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஜோக்கர் ஒட்டாத ஒரிஜினலாக இருக்க வேண்டும். இரண்டாவதில் ஜோக்கர் இருக்கலாம். அதற்குப் பிறகு மிச்சத்தைச் செட்டாகவோ சீக்வென்ஸாகவோ வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நுணுக்கம். 4 ஜோக்கராக இருக்கும்போது உங்களிடம் ஆட்டின் 4, 5, 6 இருந்தால் அந்த 4 தன் சொந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அது ஒரிஜினல்தான். புதிதாக ஆடுபவர்கள் இதைக் கவனிக்காமல் அந்த 4-ஐத் தூக்கி வேறு குழுவில் வைத்துவிட்டு ஒரிஜினலுக்குத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

செட்டில் ஒரே சாதிச் சீட்டு ரெண்டு இருக்கக் கூடாது. ரெண்டு கட்டு வைத்து ஆடுவதால் இஸ்பேட் 8 ரெண்டு வந்து சேரும். பார்க்க அழகாக மூணு எட்டு நிற்கும். நான் காலேஜ் முடித்த வருஷம் இப்படித்தான் இஸ்பேட் 8, இஸ்பேட் 8, கிளாவர் 8 என்று வைத்து, கடைசிச் சீட்டைத் தரையில் ஓங்கி அறைந்து ஷோ சொன்னேன், அதாவது என் கை முழுக்கச் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தேன். எதிரே இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, நோட்டை எடு. எம்பது எழுதிக்கோ" என்றார். தப்பு ஷோவுக்கு எண்பது. அன்றிலிருந்து ஷோ சொல்லும் முன் செட்டை மட்டும் ரெண்டு முறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஷோ சொல்வது எப்படி? எடுத்த சீட்டோடு கையில் பதினாலு இருக்கும்போது பதிமூணும் சேர்ந்துவிட்டால், மிச்சம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு "ஷோ" என்று சொல்லிக் கையை விரித்துக் குழு குழுவாக வைக்க வேண்டும். சரி என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை மற்றவர்கள் தங்கள் கையைக் காட்டக் கூடாது.

பாயிண்ட் எண்ணுவது

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி தலைக்கு பத்து. மற்றவை முகத்தில் உள்ள எண். ஜோக்கருக்குப் பூஜ்யம். ஷோ சொன்னவருக்குப் பாயிண்ட் கிடையாது. மற்றவர்கள் சேராத சீட்டை மட்டும் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரிஜினல் இல்லையென்றால் சேர்ந்தது சேராதது என்ற பேச்சே இல்லை, முழுக் கையும் எண்ணப்படும். ஒரிஜினல் இருந்து இரண்டாவது சீக்வென்ஸ் இல்லையென்றால் ஒரிஜினல் மட்டும் தப்பும். எவ்வளவு வந்தாலும் எண்பதுக்கு மேல் கிடையாது. அதற்குப் பெயர் ஃபுல்.

முதல் சீட்டே எடுக்காமல் கையைக் கவிழ்த்தால் ஸ்கூட், இருபது பாயிண்ட். ஆடத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டால் மிடில் ஸ்கூட், நாற்பது.

கையைப் பார்த்து முடிவெடுப்பது

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். வெட்டு ஜோக்கர் கிளாவர் 4. உங்களுக்கு வந்தவை: ஆட்டின் 5, 6, 9. டைமண்ட் 9, ஜாக்கி, ராணி. இஸ்பேட் 8 ரெண்டு, கிளாவர் 8. இஸ்பேட் ராஜா. கிளாவர் 2. டைமண்ட் 4, அது ஜோக்கர். கூடவே படம் போட்ட ஜோக்கர் ஒன்று.

எண்ணிப் பாருங்கள்: 85 வருகிறது. ஒரிஜினல் இல்லை. இப்போதே யாராவது ஷோ சொன்னால் ஃபுல். ஸ்கூட் விட்டால் இருபதோடு போகும். விடலாமா?

நான் ஆடுவேன். ஜோக்கர் ரெண்டு இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. ஒரிஜினலுக்கு எத்தனை வழி திறந்திருக்கிறது என்பதே கணக்கு. ஆட்டின் 5, 6-க்கு ஆட்டின் 4 அல்லது 7 வேண்டும். டைமண்ட் ஜாக்கி, ராணிக்கு 10 அல்லது ராஜா. ரெண்டு கட்டு என்பதால் ஒவ்வொன்றும் ரெண்டு உண்டு, ஆக எட்டுச் சீட்டு. உங்கள் கண்ணில் படாத சீட்டு 91. இதில் ஆட்டின் 4 ஜோக்கர் என்பதால் யாரும் இறக்க மாட்டார்கள், கட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. அப்படியும் ரெண்டு இடத்தில் ரெண்டு பக்கமும் திறந்திருக்கிற கை இது. இதற்கு மாறாக, ஜோக்கர் மூணு வந்தும் ஒரு ஜோடிகூட அடுத்தடுத்து இல்லாத கையை நான் யோசிக்காமல் கவிழ்த்துவிடுவேன். ஜோக்கரைப் பார்த்து மயங்கி ஃபுல் கொடுத்தவர்கள்தான் அதிகம்.

முதல் முறை கட்டிலிருந்து எடுக்கிறீர்கள். டைமண்ட் 10! 9, 10, ஜாக்கி, ராணி நாலும் ஒரிஜினல். ராஜா ஒட்டாமல் நிற்கிறார், இறக்குங்கள். இப்போது கையைத் திரும்ப அடுக்குங்கள். ஆட்டின் 5, 6 கூட டைமண்ட் 4 ஜோக்கர், இரண்டாவது சீக்வென்ஸ். இஸ்பேட் 8, கிளாவர் 8, படம் போட்ட ஜோக்கர், செட். மிச்சம் நிற்பது இன்னொரு இஸ்பேட் 8, ஆட்டின் 9, கிளாவர் 2. மொத்தம் 19. ஒரே சீட்டில் 85-லிருந்து 19-க்கு வந்துவிட்டீர்கள். ஸ்கூட்டைவிட ஒரு பாயிண்ட் கம்மி.

அடுத்த முறை ஆட்டின் 8 வருகிறது என்று வையுங்கள். கை பரபரக்கும், உடனே எட்டுகளோடு சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். ஆட்டின் 5, 6, ஜோக்கர், 8, 9 என்று அஞ்சையும் ஒரே வரிசையாக்குங்கள், ஜோக்கர் 7-ன் இடத்தில் நிற்கட்டும். இப்போது மிச்சம் இஸ்பேட் 8-ம் கிளாவர் 2-ம்தான். இறக்க வேண்டியது எது? 8. ரெண்டுமே உங்களுக்கு உபயோகமில்லை, ஆனால் வேறு யாராவது ஷோ சொன்னால் 2 வைத்திருப்பவர் ரெண்டு பாயிண்டோடு போவார், 8 வைத்திருப்பவர் எட்டோடு.

இந்த நிலையில் ஷோவுக்கு எத்தனை சீட்டு உதவும்? ஆட்டின் 7, ஆட்டின் 10, டைமண்ட் 8, டைமண்ட் ராஜா, தலைக்கு ரெண்டு. ஆட்டின் 8 இன்னொன்று. ஜோக்கர் எது வந்தாலும் சரி. வெட்டு காட்டிய ஒன்று போக ஏழு 4, படம் போட்டது ரெண்டு, ஆக ஒன்பது ஜோக்கர். உங்களிடம் ரெண்டு இருப்பதால் வெளியே ஏழு. கூட்டினால் பதினாறு சீட்டு. முதல் கணக்கில் எட்டு வழி இருந்தது, இப்போது பதினாறு. கையை அடுக்கிய விதத்தில் வந்த லாபம் இது.

இறக்குவதில்தான் ஆட்டம்

எடுப்பதை எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். எதை இறக்குவது என்பதற்குத்தான் வருஷங்கள் ஆகும். சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டாத பெரிய சீட்டு முதலில் போகட்டும். ராஜா, ராணியை ஆறாவது முறை வரை வைத்திருப்பது பாசம், ஆட்டம் இல்லை.

அடுத்தவர் உங்களிடமிருந்து ஓப்பனில் எடுத்ததை மறக்காதீர்கள். அவர் கிளாவர் 9 எடுத்தார் என்றால் கிளாவர் 7, 8, 10, ஜாக்கி நாலும் ஆபத்து, மற்ற சாதி 9-களும் சந்தேகம். முந்தினவர் எதை இறக்குகிறார் என்பதும் சொல்லும்: டைமண்ட் 6 போட்டவரிடம் டைமண்ட் 5, 7 பெரும்பாலும் இருக்காது.

ஜோக்கருக்குப் பக்கத்துச் சீட்டுகள் இறக்கக் கொஞ்சம் பத்திரமானவை. 4 ஜோக்கர் என்றால் 3, 5 வைத்து வரிசை கட்டுவது மற்றவர்களுக்கும் சிரமம். கையில் வரும் 4-ஐ அவர்கள் வேறு இடத்தில் செலவழிக்கவே பார்ப்பார்கள்.

சில பேர் தூண்டில் போடுவார்கள். கையில் இஸ்பேட் 9, 10 இருக்கும், இஸ்பேட் 8 வேண்டும். கிளாவர் 8 ஒன்றை இறக்குவார்கள். "இவருக்கு எட்டு வேண்டாம் போல" என்று எண்ணி நீங்கள் இஸ்பேட் 8-ஐ இறக்குவீர்கள். இதில் விழுந்தவர் கோபப்படக் கூடாது. சீட்டின் முகத்தைப் பார்த்ததோடு ஆளின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

முதல் சீட்டு விழும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

சண்டை வருவது காசால் இல்லை, பேசாமல் விட்ட விதியால். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வழக்கம். ஓப்பனில் ஜோக்கர் விழுந்தால் எடுக்கலாமா? ஒருத்தருக்கு முறையே வரும் முன்னால் ஷோ விழுந்தால் அவருக்கு முழுக் கணக்கா, பாதியா? இறக்கிய சீட்டுக் குவியலைக் கலைத்துப் பார்க்கலாமா, மேல் சீட்டு மட்டும்தானா? கட்டு தீர்ந்தால் குவியலைக் கலைத்துத் திரும்ப வைப்பதா? தரையில் தொட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா? இந்த அஞ்சையும் கேட்டுவிட்டால் ராத்திரி அமைதியாகப் போகும். கடைசிக் கேள்விக்கு என் வோட்டு: தொட்டது விட்டதுதான்.

கடன் ஆட்டம் வேண்டாம். ஆளுக்கு ஐம்பதோ நூறோ முன்னால் எடுத்து வைத்து, அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். நடு ராத்திரியில் "பாயிண்டை அரை ரூபாய் ஆக்குவோமா" என்று கேட்பவர் தோற்றுக்கொண்டிருப்பவராகத்தான் இருப்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குச் செய்யும் உதவி அது.

நூத்தியொன்று

பாயிண்ட் ஆட்டம் சலித்தால் 101 போடலாம். ஆளுக்கு இருபது ரூபாய் நடுவில். ஒவ்வோர் ஆட்டத்துப் பாயிண்டையும் நோட்டில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 101-ஐத் தொட்டவர் அவுட், கடைசியில் நிற்பவருக்கு மொத்தமும். இதில் ஸ்கூட்டின் விலை மாறுகிறது. 80-ல் நிற்பவர் இன்னொரு முறை ஸ்கூட் விடலாம், 100-க்கு வருவார். 81 ஆகிவிட்டால் முடிந்தது. எந்தக் கை வந்தாலும் அவர் ஆடியே தீர வேண்டும், கம்பல்சரி. மற்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக ஸ்கூட் விட்டுக்கொண்டே அவரைச் சாய்ப்பார்கள். அவுட் ஆனவர் திரும்பக் காசு கட்டி உள்ளே வருவதை அனுமதித்தால், அப்போது யார் அதிகப் பாயிண்டில் நிற்கிறாரோ அவரைவிட ஒன்று கூட்டி உட்கார வைப்பது வழக்கம்.

சட்டம் ஒரு வரி இல்லை, நாலு வரி

1967-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் ரம்மியைத் திறமை மிகுந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதையும், எதை வைத்து எதை விடுவது என்பதையும் காரணமாகச் சொன்னது. மூணு சீட்டு என்ற ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஆட்டம் நடக்கிற இடத்துக்காரர் அதிலிருந்து லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. ஆகவே "ஆட்டத்துக்கு அஞ்சு ரூபாய் எனக்கு" என்று யாராவது எடுக்கத் தொடங்கினால் அந்த ஜமுக்காளத்திலிருந்து எழுந்துவிடுங்கள். காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா, அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. போனில் ஆடுவது வேறு கதை. இங்கே நான் சொல்வது எதிரே முகம் தெரிந்த அஞ்சு பேரோடு ஆடுவதை.

நோட்டு

கணக்கு எழுதுபவர் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவராக இருந்தால் நல்லது, கவனமாக எழுதுவார். ஆளுக்கொரு பத்தி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. அஞ்சு பேர் ஆடி மற்ற நாலு பேருக்கு 2, 20, 47, 80 என்று வந்தால் கூட்டினால் 149. ஜெயித்தவர் பத்தியில் 149 கூட்டல், மற்றவர்கள் பத்தியில் அவரவர் கழித்தல். ஒவ்வொரு வரியின் கூட்டலும் கழித்தலும் சமமாக வர வேண்டும், வராவிட்டால் அப்போதே பாருங்கள். விடியற்காலையில் தேடினால் கிடைக்காது.

முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் ரெண்டு மணிக்குக் கட்டை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு கடைசிக் கூட்டல். 149 பாயிண்ட் என்றால் 14 ரூபாய் 90 காசு. சில்லறை யாரிடமும் இருக்காது, கிட்டத்து ரூபாய்க்கு முழுசாக்கிக் கொள்ளுங்கள். அதிகம் ஜெயித்தவர் கீழே போய்ச் சமையல்காரர் அடுப்பு மூட்டிவிட்டாரா என்று பார்த்து, அஞ்சு டம்ளர் காபிக்குச் சொல்லிவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம்.